நீர்வடிப்பகுதிச் சங்கமும் அதன் துணைவிதிகளும்: அங்கத்தினர் யார் என்னும் வினா

1. ஆய்வுப் பொருள்

ஒரு மேட்டில் விழும் மழை எந்த ஓடை வழியாக இறங்கி எந்தக் கண்மாயைச் சென்று அடைகிறதோ அந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, வரப்பு எடுத்தும், தடுப்பணை கட்டியும், கசிவுநீர்க் குட்டை வெட்டியும் மண்ணையும் நீரையும் காக்கவேண்டும் என்னும் கொள்கையை இன்று நம் நாட்டில் ஆட்சேபிப்பவர் எவருமில்லை. அபிப்பிராய பேதம் எழுவதெல்லாம், அவ்வேலையை நடத்தவும் நடத்திய பின் பேணவும் வேண்டிய ஜனங்களின் சங்கம் எவ்வாறு அமையவேண்டும், அச்சங்கத்தின் துணைவிதிகள் எவரை உள்ளே சேர்த்து எவரை வாசலில் நிறுத்துகின்றன என்ற இடத்தில்தான். தடுப்பணையின் அடித்தளம் எத்தனை அடி ஆழம் இறங்கவேண்டும் என்பதற்குச் செலவிடப்படும் சிந்தனையில் ஒரு பங்குகூடத் துணைவிதிக்குச் செலவிடப்படுவதில்லை. அது பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தாக வேண்டிய ஒரு சடங்குக் காகிதமாகவே கருதப்படுகிறது. ஆகையால் அச்சிட்ட மாதிரி ஒன்றை எடுத்து, கிராமத்தின் பெயருக்காக விடப்பட்ட புள்ளிக்கோட்டை நிரப்பி, ஏழு பேரிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது என்று திட்ட அலுவலரும் தொண்டு நிறுவனத்தாரும் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

இவ்விதம் எழுதப்படும் துணைவிதிகள் பணத்தைப் பெறுவதற்கு ஏற்ற கருவியாக அமைந்திருக்கின்றனவேயன்றி, நீரையும் புல்லையும் பங்கிடுவதற்கு ஏற்ற கருவியாக அமையவில்லை என்பதும், அக்குறையின் வேர் அங்கத்தினர் யார் என்று வரையறுக்கும் விதியில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. தமிழ்நாட்டு நிலைமையையே பிரதானமாகக் கொண்டு, ஒப்புநோக்குவதற்காக ஹரியானாவிலும் மஹாராஷ்டிரத்திலும் நடந்த இரண்டு முயற்சிகளைப் பரிசீலிக்கிறேன்.

2. அரசாங்க வழிகாட்டு நெறிகள்

இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வறட்சிப்பகுதி, பாலைவனப்பகுதித் திட்டங்களை ஆராய்ந்த ஹனுமந்தராவ் குழு 1994ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் பயனாக, அவ்வாண்டிலேயே மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 1995 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புக்கு ஒரு நீர்வடிப்பகுதி, அதற்கொரு பதிவுபெற்ற சங்கம், சங்கத்துக்கொரு செயற்குழு, அதன் கீழே பயனாளிகள் குழுக்களும் சுய உதவிக் குழுக்களும் என்பது அவற்றின் ஏற்பாடு. 2003ஆம் ஆண்டில் வந்த ஹரியாலி நெறிகள் நிர்வாகத்தைச் சங்கத்தின் கையிலிருந்து எடுத்துக் கிராம ஊராட்சியிடம் ஒப்புவித்தன. பார்த்தசாரதி குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் வெளியான 2008ஆம் ஆண்டுப் பொது நெறிகள், கிராம சபை அமைக்கும் நீர்வடிப்பகுதிக் குழு என்னும் நடுவழியைத் தேர்ந்தன. அக்குழுவில் குறைந்தது பத்துப் பேர் இருக்கவேண்டுமென்றும், அவர்களில் பாதிப்பேர் சுய உதவிக் குழுவினர், பயனாளிகள் குழுவினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டுமென்றும் விதித்தன.

சங்கமா, ஊராட்சியா என்ற விவாதம் இத்துறையில் மிகுதியாக நடந்திருக்கிறது. ஊராட்சி தேர்தலால் வந்தது, அரசியல் சாசனத்தின் 11ஆவது அட்டவணை நீர்வடிப்பகுதி மேம்பாட்டை அதன் பொறுப்புகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது என்று ஒரு சாரார் வாதிப்பர். ஓடை ஊராட்சி எல்லையை அறியாது. மேட்டுக் கிராமம் ஓர் ஊராட்சியிலும் பள்ளக் கிராமம் மற்றோர் ஊராட்சியிலும் இருக்கையில் சங்கம் ஒன்றே இரண்டையும் இணைக்கவல்லது என்று மற்றொரு சாரார் வாதிப்பர். இரு வாதங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் நிர்வாகம் எவரிடம் இருப்பினும் பங்கு எவருக்கு என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. அதற்கு விடை சொல்லாத துணைவிதி ஊராட்சியின் கையிலும் ஊமைதான், சங்கத்தின் கையிலும் ஊமைதான்.

3. அங்கத்தினரை வரையறுத்தல்

எலினார் ஆஸ்ட்ரம் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், நெடுங்காலம் நிலைத்து நின்ற பொதுவள அமைப்புகளை ஒப்பிட்டு அவற்றினின்று பெற்ற எட்டு இலக்கணங்களுள், வளத்தின் எல்லையும் அதற்கு உரியோரின் எல்லையும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்பதை முதலாவதாக வைத்தார். இவ்விலக்கணத்தை மேலோட்டமாகப் படித்தவர்கள், எல்லை தெளிவாக இருந்துவிட்டால் போதும் என்று கொண்டுவிடுகிறார்கள். அநீதியான எல்லையும் தெளிவான எல்லையாக இருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தமிழ்நாட்டில் எளிதாகக் கைக்கு அகப்படும் வரையறை பட்டா. எவர் பெயரில் பட்டா இருக்கிறதோ அவர் அங்கத்தினர் என்று எழுதிவிட்டால் வருவாய்த்துறைக் கணக்கே அங்கத்தினர் பதிவேடாகிவிடும், தகராறுக்கு இடமிராது. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகளின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டமும் ஆயக்கட்டில் நிலமுடையோரையே அடிப்படையாகக் கொண்டது. வாய்க்கால் பாசனத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். நீர்வடிப்பகுதிக்குப் பொருந்தாது. ஏனெனில் நீர்வடிப்பகுதியில் முதலில் நடைபெறும் காரியம் பாசனமன்று; மேய்ச்சலைத் தடுப்பதும் விறகு வெட்டுவதைத் தடுப்பதுமே ஆகும். மேய்க்கால் புறம்போக்கில் மரக்கன்று நட்டு, ஆடுமாடு ஏறாமல் மூன்றாண்டு மூடிவைத்தால், அம்மூடலின் கஷ்டத்தை அனுபவிப்பவர்கள் வேறு நிலமில்லாமல் நான்கு வெள்ளாடு வளர்த்து வயிறு கழுவும் குடும்பத்தார். அதனால் ஊறும் நீரை அனுபவிப்பவர்களோ தடுப்பணைக்குக் கீழே கிணறு வைத்திருக்கும் பட்டாதாரர்கள். ஆந்திரத்திலும் மஹாராஷ்டிரத்திலும் நடந்த நீர்வடிப்பகுதித் திட்டங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்ட ஜான் கெர், இத்தகைய முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். நட்டப்படுபவரை அங்கத்தினராகச் சேர்க்காமல் லாபம் பெறுபவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கம், அந்த நட்டத்துக்குத் தீர்மானம் போட்டு ஒப்புதல் அளிக்கும் சங்கமாகிவிடுகிறது.

பட்டா வரையறையால் பெண்களும் வெளியே நிற்கிறார்கள். நாற்று நடுவதும், களை எடுப்பதும், குடிநீருக்குக் குடத்துடன் நடப்பதும், புல் அறுப்பதும் அவர்களாக இருக்க, பட்டா கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். அவர்களையும் ஈர்க்கும் பொருட்டு, கிராமத்து வாக்காளர் அனைவரும் அங்கத்தினர் என்று விரித்துக்கொள்வது இரண்டாம் வழி. இது ஜனநாயகத்துக்கு உகந்ததாகத் தோன்றினும், பொதுக்குழு கூடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை ஒருபோதும் சேராமற் போகும். முடிவில் செயற்குழுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பட்டணத்தில் வேலை செய்துகொண்டு வாக்கை மட்டும் கிராமத்தில் வைத்திருப்பவர் அங்கத்தினராவார். ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் மந்தையுடன் வந்து தரிசுகளில் கிடை போட்டுச் செல்லும் கீதாரி அங்கத்தினராகமாட்டார். கீதாரியைப் பற்றி எந்த மாதிரித் துணைவிதியும் பேசி நான் கண்டதில்லை. ஆட்டுக்கிடையின் எருவுக்காக அவரை அழைப்பவர்களும் இதே பட்டாதாரர்கள்தாம் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஆகவே மூன்றாம் வழியொன்று வேண்டும். நீர்வடிப்பகுதியின் நிலம், நீர், புல், மரம் இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சார்ந்து ஜீவனம் நடத்தும் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அங்கத்தினராவர் என்று எழுதி, அப்படிச் சார்ந்திருக்கும் குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்டித் திருத்திக்கொள்வதே அவ்வழி. பட்டியல் தயாரிப்பது தொல்லை பிடித்த வேலை, சச்சரவும் வரும். அந்தச் சச்சரவு துணைவிதி எழுதும்போதே வந்துவிடுவது, தடுப்பணை கட்டிய பிறகு வருவதைவிட மேலானது.

4. உத்திரமேரூர்க் கல்வெட்டின் சாட்சியம்

ஊராட்சி, நீர்நிர்வாகம் என்று பேச்செடுத்தவுடன் உத்திரமேரூரைப் புகழ்வது நம் மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. முதலாம் பராந்தகனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்ட அக்கல்வெட்டுகளைத் துணைவிதி எழுதுபவரின் கண்கொண்டு படித்தால், புகழ்ச்சிக்கு உரியதும் எச்சரிக்கைக்கு உரியதுமாக இரண்டு விஷயங்கள் அருகருகே நிற்பதைக் காணலாம்.

புகழ்ச்சிக்கு உரியது அதன் நடைமுறை நுட்பம். குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்தும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அதனைச் சபையார் நடுவே நம்பிமார்களில் மூத்தவர் எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்ட, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுக்கவேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். மடக்கிய விரலுக்குள் மற்றோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடும் என்ற சந்தேகத்தைக்கூட விதியாக எழுதிவைத்த அந்த மனிதர்கள், நம்பிக்கையின்மேல் ஸ்தாபனத்தைக் கட்டவில்லை. மனிதர்களின் தந்திரத்தை நன்கறிந்து கட்டினார்கள். ஏரி வாரியத்துக்கு அறுவர்; பதவிக்காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரத் தகுதியற்றவர். இன்றைய எந்த மாதிரித் துணைவிதியிலும் இல்லாத கடுமை இது.

எச்சரிக்கைக்கு உரியது அதன் தகுதி விதி. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், குறித்த வயதும், வேதப் பயிற்சியும் உடையவரே குடவோலைக்கு உரியவர். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. அது ஒரு பிரம்மதேய சபையின் ஏற்பாடு. ஏரியில் வண்டல் அள்ளியவரும், மடையைத் திறந்தவரும், வயலில் உழைத்தவரும் அக்குடத்துக்குள் இல்லை. நடைமுறை எத்துணைத் தூய்மையாக இருப்பினும், குடத்துக்குள் எவர் பெயர் போகலாம் என்ற வாயிலிலேயே நீதி தடைப்பட்டுவிடக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. டேவிட் மாஸ் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், தென் தமிழ்நாட்டுக் கண்மாய் நிர்வாகம் சாதி, செல்வாக்கு, கோயில் மரியாதை ஆகியவற்றோடு பிணைந்தே நடந்துவந்தது என்று விரிவாகக் காட்டியிருப்பதையும் இதனுடன் சேர்த்துப் படிக்கவேண்டும். பண்டைய கிராம சமுதாயத்தை மீட்டெடுப்பதே துணைவிதியின் நோக்கம் என்று எழுதுகிறவர்கள், எதை மீட்கிறோம் என்று ஒருமுறை நிதானிப்பது நல்லது.

5. சுகோமாஜ்ரியும் நாய்காவும்

சண்டிகருக்கு அருகே, சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள ஹரியானாக் கிராமம் சுகோமாஜ்ரி. 1958ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி மலைமண்ணால் தூர்ந்துவருவதன் காரணத்தைத் தேடிச் சென்ற மண்வள விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா, மேலே மேயும் ஆடுகளும் மரமற்ற சரிவுமே காரணம் என்று கண்டு, கிராமத்தாரின் ஒத்துழைப்பை நாடினார். 1970களின் நடுவில் அங்கே சிறு மண்ணணை கட்டப்பட்டது. அணைநீர் முதலில் கீழே நிலமிருந்த சில குடும்பங்களுக்கே பயன்பட்டது. மேய்ச்சலை விட்டுக்கொடுத்த ஏனையோர், எங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டனர். அதன்பின் ஏற்பட்ட உடன்பாடுதான் அக்கிராமத்தைப் பிரசித்தமாக்கியது: நிலம் உண்டோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு, நிலமில்லாதவர் தம் பங்கை மற்றவருக்கு விற்றுக்கொள்ளலாம். காட்டிலிருந்த பாபர் புல்லின் குத்தகையும் வெளியூர்க் குத்தகைதாரரிடமிருந்து கிராமச் சங்கத்துக்கு மாறியது. போலீஸாலும் வேலியாலும் மூட முடியாத மலைச்சரிவு, பங்கு கிடைத்தபின் ஜனங்களாலேயே மூடப்பட்டது.

மஹாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்துப் புரந்தர் தாலுகாவைச் சேர்ந்த நாய்காவ் கிராமத்தில், 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டு மனம் மாறிய பொறியியலாளர் விலாஸ்ராவ் சாலுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து இன்னும் துணிவாகச் சென்றது. நீர்ப்பங்கு நிலத்தின் பரப்பை வைத்து அன்று, தலையை எண்ணிக் கணக்கிடப்பட்டது: ஆளுக்கு அரை ஏக்கருக்குரிய நீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். நிலமற்றோருக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் நீர் அதனுடன் போகாது. கரும்பு பயிரிடக்கூடாது. இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அபாயத்தைக் குறிவைத்து எழுதப்பட்டவை என்பது துணைவிதி எழுதுவோர் கற்கவேண்டிய பாடம். நிலத்தோடு நீரும் விலைபோகும் அபாயத்தை ஒரு விதியும், நீரையெல்லாம் ஒரு பயிரே குடித்துவிடும் அபாயத்தை மற்றொரு விதியும் அடைத்தன.

இவற்றை அப்படியே பெயர்த்து நடுவதைப் பற்றி எனக்கு ஐயமுண்டு. சுகோமாஜ்ரியில் நீர் அணையில் நின்றது, அளந்து விடக்கூடியது. நாய்காவில் இறைவைப் பாசனம், அதுவும் அளக்கக்கூடியது. தமிழ்நாட்டின் மானாவாரிப் பகுதிகளில் தடுப்பணை நீர் பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கித் தனியார் கிணற்றில் போய் ஊறுகிறது. கண்ணுக்குத் தெரியாத நீரைப் பங்கிடுவது வேறொரு பிரச்சினை.

6. சட்டத்தின் எல்லை

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஏழாம் பிரிவின் விளக்கமொன்றில், வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் பாத்தியதையை நிலச்சொந்தக்காரருக்கு ஒப்புக்கொள்கிறது. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமும் 2013ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. எனவே பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பணைக்குப் பத்தடி தள்ளி, அங்கத்தினரல்லாத ஒருவர் தம் பட்டா நிலத்தில் ஆயிரமடி ஆழ்துளைக் கிணறு போட்டால், சங்கத்தின் துணைவிதி அவரைத் தடுக்கவல்லதன்று. துணைவிதி அங்கத்தினரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஊருக்குப் பொதுவான சட்டமன்று.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய ஒரு மார்க்கம் உண்டு. எவருடைய நிலத்தில் அல்லது நிலத்தையொட்டி வேலை நடக்கப்போகிறதோ அவரிடம், வேலை தொடங்குமுன், ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்றோ, குடிநீர்ப் பற்றாக்குறைக் காலத்தில் தம் கிணற்றைத் தெருவுக்குத் திறந்துவிடுவதாகவோ எழுத்துமூலம் உறுதிமொழி பெற்று, அதைத் துணைவிதியின் இணைப்பாகச் சேர்ப்பதே அது. அணை கட்டி முடிந்தபின் இந்த உறுதிமொழியை எவரும் தரமாட்டார்கள்.

மேய்ச்சல் விதியிலும் இதே தடை. மாதிரித் துணைவிதிகளின் பாணியில் எழுதினால், மேய்ச்சல் தடையை மீறுவோர்மீது செயற்குழு தக்க நடவடிக்கை எடுக்கும் என்று முடிந்துவிடும். எத்தகைய நடவடிக்கை? ஆட்டைப் பிடித்துக் கட்டிவைக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. அத்துமீறிய கால்நடையைப் பவுண்டில் அடைக்கும் முறை 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்துக்கு உட்பட்டது. தண்டனையைக் காட்டிலும் பங்கை முன்வைத்து அவ்விதியைப் பின்வருமாறு எழுதலாம் என்பது என் யோசனை:

“மேய்க்கால் புறம்போக்கின் கீழ்ப்பாதி ஆடி முதல் தை வரை மூடப்பட்டிருக்கும், மேற்பாதி மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும், மறு ஆண்டு இது மாறும். மூடிய பாதியில் அறுக்கும் புல்லில் முதற்பங்கு, சொந்த நிலமின்றி ஆடுமாடு வளர்க்கும் தலைக்கட்டுகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு கட்டு வீதம் விலையின்றித் தரப்படும். எஞ்சியது ஏலத்துக்கு வரும். எந்தப் பாதியை எப்போது திறப்பது என்பதில் தகராறு வந்தால், ஆடு வளர்ப்போர் தம்முள் தேர்ந்த இருவரும் செயற்குழுவினர் இருவரும் சேர்ந்து தீர்ப்பர்.”

இவ்விதியும் ஊராட்சியின் தீர்மானமின்றிச் செல்லாது. புறம்போக்கு சங்கத்தின் சொத்தன்று. மீன்பாசிக் குத்தகையும் மரமகசூலும் அவ்வாறே. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தையும், பெரியவை நீர்வளத் துறையையும் சார்ந்திருக்க, அவற்றின் வருமானம் சங்கத்துக்கு உரியது என்று துணைவிதியில் எழுதுவதால் மட்டும் அது உரியதாகிவிடாது.

7. நிதியும் கணக்கும்

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஏழு பேர், மூன்றுக்குக் குறையாத செயற்குழு, மூன்றாண்டுக்கு மேற்படாத பதவிக்காலம், ஆண்டுப் பொதுக்குழு என்று குறைந்தபட்சத்தை விதிக்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாகக் கொள்வதுதான் நம் வழக்கம்.

பயனாளிகளின் பங்குத்தொகையால் சேரும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி, திட்டம் முடிந்தபின் பொதுச்சொத்துகளைப் பராமரிப்பதற்கென்று ஏற்பட்டது. திட்டம் முடிந்து தொண்டு நிறுவனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன மறுநாள் அந்தக் கணக்கில் எவர் கையொப்பமிடுவார்? தலைவர் மாறினால் வங்கிக்கு எந்தத் தீர்மானம் போகவேண்டும்? முதலில் செலவிடுவது வட்டியா, அசலா? இவை எழுதப்படாத இடங்களில் பணம் ஒன்று வங்கியிலேயே உறங்கும், அல்லது ஒருவர் கையில் விழித்துக்கொள்ளும். தொகையில் பெரும்பங்கு நிலைவைப்பாக இருக்கவேண்டும். வட்டியில் முதல் உரிமை தடுப்பணையின் தூர் எடுப்பதற்கு. கணக்கு ஆண்டுக்கொருமுறை தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். கணக்குக் காட்டாத பொக்கிஷதாரும் அவர் குடும்பத்தாரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது. கடைசி விதியை உத்திரமேரூரிலிருந்து தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

8. எழுதுவதற்குரிய காலம்

கர்நூல் மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்து ராபர்ட் வேட் 1988ஆம் ஆண்டில் எழுதிய நூலின் முடிபு இங்கே துணைசெய்கிறது: கால்வாயின் கடைமடையில், நீர் வருமோ வராதோ என்ற அச்சம் மிகுந்த கிராமங்களிலேயே பொதுவான நீர்பாய்ச்சிகளும் காவற்காரரும் கிராமநிதியும் தோன்றின, தலைமடையில் தோன்றவில்லை. விதி, தேவை கண்டபின் பிறக்கிறது. திட்டக் கால அட்டவணையோ, முதல் தவணை வருமுன்னரே முழுத் துணைவிதியையும் கேட்கிறது. அணையே கட்டாத ஊரில் அணைநீரின் பங்கீட்டை எழுதச் சொன்னால் ஜனங்கள் தலையசைப்பார்களேயன்றிச் சிந்திக்கமாட்டார்கள்.

ஆகையால் இரண்டு கட்டமாக எழுதுவதே உசிதம். பதிவின்போது அங்கத்தினர் வரையறை, செயற்குழுத் தேர்வு, கணக்கு, கிணற்று உறுதிமொழி, மேய்ச்சல் பங்கு ஆகியவை மட்டும் முடிவாக எழுதப்படட்டும். நீர்ப்பங்கீட்டு அத்தியாயம் இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் கழிந்தபின் சேர்க்கப்படும் என்று துணைவிதியிலேயே கூறிவிடலாம். அதுவரை மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், அணைக்கு மேலும் கீழும் உள்ள கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவருவது, பத்தாம் வகுப்புப் படித்த, கிணறில்லாத குடும்பத்துப் பெண்ணொருத்தியின் ஊதியமுள்ள வேலையாக இருக்கட்டும். துணைவிதியைத் திருத்துவதற்குக் கூட்டத்தில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை வேண்டும் என்பது சட்டம். கிணறு வைத்திருப்போர் மட்டும் அங்கத்தினராக உள்ள சங்கத்தில் அந்தப் பெரும்பான்மை எளிதில் கிடைக்கும். ஆனால் அந்த நோட்டுப்புத்தகத்தைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேராது.